அறுபது வினாடி பூஜ்யம்

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் சற்குணத்துக்குக் கண் சொருகும். ஐம்பத்து மூன்று வயதுக்காரரைத் தயிர்சாதமும் கிண்டி ஆபீஸின் ஏசியும் கூட்டுச் சேர்ந்து கவிழ்க்கிற நேரம் அது. இன்று சொருகவில்லை. நாலு மணிக்குப் பேராசிரியர் வருகிறார், தீவில் கட்டப்போகிற ஆஸ்பத்திரியின் கணக்கைச் சரிபார்க்க, அதற்குள் ஏழு பூகம்பங்களையும் வெட்டித் தைத்து இஸ்திரி போட்டு வைத்தாக வேண்டும், ஆறு தயார், ஏழாவதுதான் பாக்கி. வெட்டித் தைப்பது என்பது அவர் மனைவி கோமளத்தின் வார்த்தை. உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவள் சளைக்காமல் சொல்வாள், அவர் பூகம்ப டெய்லர், எங்கேயோ ஆடின பூகம்பத்தை எடுத்துட்டு வந்து இங்கே கட்டப்போற கட்டடத்துக்கு அளவெடுத்துத் தைப்பார், லூசா இருந்தா பிடிப்பார், நீளமா இருந்தா வெட்டுவார். கேலிதான், ஆனால் இதைவிடச் சரியாக அவராலேயே சொல்ல முடிந்ததில்லை. கட்டடம் இன்னும் காகிதத்தில்தான் நிற்கிறது, அதை ஆட்டிப் பார்க்க நிஜமாக ஆடிய மண்ணின் ஆட்டம் வேண்டும், ஜப்பானில் ஆடியது, சிலியில் ஆடியது, துருக்கியில் ஆடியது என்று கருவிகள் எழுதிவைத்த பதிவுகள் கிடைக்கும், வினாடிக்கு இருநூறு எண்கள், அவற்றை ஒரு எண்ணால் பெருக்கி, அந்த ஊருக்கென்று விதித்திருக்கும் கோட்டோடு ஒட்டி வரும்படி ஏற்றி இறக்கி, கருவியின் கோணலை நிமிர்த்தி, தலையிலும் வாலிலும் வேண்டாததை நறுக்கிக் கட்டடத்தின் காலடியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மூன்று பதிவு வைத்துக் கணக்குப் போட்டால் மூன்றில் எது மோசமோ அதற்குக் கட்டடம் பதில் சொல்ல வேண்டும். ஏழு வைத்தால் சராசரிக்குச் சொன்னால் போதும். அதனால் எல்லோரும் ஏழு வைப்பார்கள். ஏழோடு ஏழாகக் கலந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட மோசமும் கொஞ்சம் சாதுவாகிவிடும், இதை அவர் வாழ்க்கையிலும் செய்து பார்த்தவர், வேலை மாறினார், வீடு கட்டினார், மகளைக் கட்டிக்கொடுத்தார், கோயிலுக்குப் போனார், காலையில் நடந்தார், கொலஸ்ட்ராலைக் கவனித்தார், ஆறைப் பக்கத்தில் வைத்து ஏழாவதைக் கரைக்கப் பார்த்தார். ஏழாவது கரையவில்லை.

ஏழாவது தீவின் சொந்தப் பதிவு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தமானில், பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சின்னத் துறைமுக ஊரில், ஓர் அரசாங்க அலுவலகத்தின் மாடிப்படிக்குக் கீழே சற்குணமே தன் கையால் பொருத்திய கருவி எழுதியது. பெரிய அதிர்ச்சியை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள், அதைச் சுத்தம் செய்து ஊருக்குக் கொடுத்தவரே அவர்தான், வாலை நறுக்கியவரும் அவர்தான். ஆனால் மறுநாள் காலை வந்த பின்னதிர்ச்சியின் பதிவை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவரும் திறந்ததில்லை. இந்தப் பேராசிரியர் கேட்டார். தீவில் முதல் அடி விழுந்தால் இரண்டாவது பின்னாலேயே வருகிறது, விரிசல் விட்ட ஆஸ்பத்திரி இரண்டாவதையும் தாங்க வேண்டாமா, இரண்டையும் ஒன்றாகத் தைத்துக் கொடுங்கள் என்றார். நியாயம்தான். வேலை நஸ்ரீனிடம் போயிற்று. வாணியம்பாடிப் பெண், சேர்ந்து இரண்டு வருஷம், எள் என்றால் எண்ணெயாக நிற்பவள், காலையிலேயே இரண்டு பதிவையும் பழைய சேமிப்பிலிருந்து தோண்டி எடுத்துவிட்டாள். “சார், மெயின் ஷாக்குக்கும் ஆஃப்டர்ஷாக்குக்கும் நடுவுல எவ்ளோ ஜீரோ விடணும்?” என்று சாப்பாட்டுக்கு முன் கேட்டாள். “அறுபது செகண்ட் விடு, பில்டிங் ஆட்டம் அடங்கி நிக்கணும்ல” என்றார். “நிஜத்துல எவ்ளோ கேப் சார்?” “பதினெட்டு மணி நேரம் நாப்பத்திரண்டு நிமிஷம்.” அவள் சிரித்துவிட்டாள். “என்ன சார், மனப்பாடமா வச்சிருக்கீங்க?” அவரும் சிரித்தார், சிரித்த வாய் மூடவில்லை, அப்படியே போய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அறுபது வினாடி, வினாடிக்கு இருநூறு, பன்னிரண்டாயிரம் பூஜ்யம். பதினெட்டு மணி நேரத்தை மடித்துப் பன்னிரண்டாயிரம் பூஜ்யத்துக்குள் வைத்துவிடலாம், கட்டடத்துக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்தப் பூஜ்யத்துக்குள் ஓர் ஆள் இருந்தார் என்பது இந்த ஆபீஸில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எவ்வளவு நேரம் இருந்தார் என்பது அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதைத்தான் பத்தொன்பது வருஷமாகக் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வருகிறார்.

வெள்ளைச்சாமி. அந்த அரசாங்க அலுவலகத்தின் வாட்ச்மேன். ராமநாதபுரத்துப் பூர்வீகம், அப்பா காலத்திலேயே துறைமுக வேலைக்கென்று கப்பலேறிய குடும்பம், நாற்பத்தைந்து வயசுக்கு ஒரு நரை கிடையாது, மீசையை மட்டும் யாரோ இரவல் கொடுத்த மாதிரி ஜாக்கிரதையாக வைத்திருப்பார். படிக்கடியில் துடைப்பமும் பினாயிலும் வைக்கிற அறையைக் காலி செய்து, தரையில் முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டு, அதன் மேல் பெட்டியைத் திருகி முடிக்க நாலு நாள் ஆயிற்று, நாலு நாளும் கூடவே நின்றார். “இது சும்மா இருக்கயில என்னா சார் பண்ணும்?” “தூங்கும். தரை ஆடினா முழிச்சுக்கிட்டு எழுதும். எழுதும்போது இந்தப் பச்சை லைட் எரியும். எழுதினது ஆன்டெனா வழியா மெட்ராஸுக்கு வந்துடும்.” முழிக்கிறதா என்று பார்க்க எல்லோரும் செய்கிற சோதனை ஒன்று உண்டு, மேடையை விரல் முட்டியால் மூன்று தரம் தட்டுவது, அவ்வளவுதான். சற்குணம் தட்டினார், பச்சை எரிந்தது. வெள்ளைச்சாமியைத் தட்டச் சொன்னார், எரிந்தது. “இப்ப நாந் தட்டுனது மெட்ராஸ்ல தெரியுமா சார்?” “தெரியும்.” “உங்களுக்கே தெரியுமா?” “எனக்கேதான் வரும்.” மனிதருக்குப் பூரிப்பு முகம் கொள்ளவில்லை. “முட்டி வலிக்கிது சார், சாவியால தட்டலாமா?” என்று இடுப்பிலிருந்த பெரிய பித்தளைச் சாவியை எடுத்தார். சற்குணம் ஊர் திரும்பிய பிறகு ஒவ்வொரு மாசமும் ஒன்றாம் தேதி பத்து மணிக்கு ஒரு குட்டிப் பதிவு வரும், மூன்று மெல்லிய கோடு, யாரும் செய்யச் சொல்லாதது. அப்போது அவர் வேலை பார்த்த சென்னை ஆராய்ச்சி நிலையத்தில் அதற்குச் சலாம் என்று பெயர். ஒன்றாம் தேதி வந்தால் யாராவது ஒருவர், என்ன சற்குணம், உங்க ஆள் சலாம் வச்சாச்சா என்று கேட்பார், இவர் வச்சாச்சு வச்சாச்சு என்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது, அதை மட்டும் எந்த வடிகட்டி போட்டும் எடுக்க முடியவில்லை, வீட்டில் கோமளம் குளியலறைக் கதவைத் தட்டினால் ஒரு தரம் தட்டு, இல்லை நாலு தரம் தட்டு, மூணு வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறார், அவள் ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துக்கொண்டாள், மருமகனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள், மாப்பிள்ளை பாவம் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தி, யோசித்து, இன்னும் இரண்டு தட்டுகிறார்.

அன்று காலை பதினொன்று பத்து. சென்னையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை, கணினிதான் முதலில் சொன்னது, தீவின் வடக்குக் கருவி விழித்துவிட்டது என்று. பதிவு வந்து திரையில் விரிந்தபோது அறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், அவ்வளவு அழகான பதிவு. அழகு என்றுதான் நினைத்தார், அந்த வார்த்தையையே சொன்னார், எப்படிச் சொன்னோம் என்று பிறகு எத்தனையோ தடவை நாக்கைக் கடித்திருக்கிறார். தொலைபேசி எல்லாம் செத்துக் கிடந்தது, எந்த ஊர் நிற்கிறது, எந்த ஊர் போயிற்று என்று சொல்ல ஆளில்லை. பன்னிரண்டரை மணிக்கு அந்தக் குட்டிப் பதிவு வந்தது, மூன்று கோடு. அப்புறம் ஐந்து நிமிஷம் கழித்து மூன்று. அப்புறம் மூன்று. சற்குணம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “வெள்ளைச்சாமி சலாம் வைக்கிறாரு சார், நாங்க நல்லா இருக்கோம்னு சொல்றாரு.” கருவி பேசுகிறது, ஆள் தட்டுகிறார், அப்படியென்றால் கட்டடம் நிற்கிறது, இதில் எங்கே தப்பு, சொல்லுங்கள். படிக்கட்டு மட்டும் கூடாரம் போல நின்று, அதனடியில் அவர் சிக்கிக்கொண்டு, மேலே இரண்டு மாடியும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைப்பார், பெட்டிக்குள் பேட்டரி நாலு நாளைக்கு இருக்கும், ஆன்டெனாக் கம்பி மண்ணுக்கடியில் ஓடி வெளியே தென்னையடிக் கம்பத்தில் ஏறுகிறது, அது அறுபடவில்லை. நிலையத்தின் தலைவர் எட்டிப் பார்த்து, வடக்கே எப்படி என்று கேட்டார், படகு அனுப்புகிறவர்கள் கேட்கிறார்களாம். நல்லா இருக்காங்க சார் என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் படகு தெற்கே போயிற்றா, எப்படியும் தெற்கேதான் போயிருக்குமா, இதை அவர் கேட்டதில்லை, கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம். சலாம் நிற்கவில்லை. பதினாலு ஆயிற்று. கருவியின் நினைவகம் அந்தக் காலத்துச் சின்னது, இப்படியே நிரம்பினால் பின்னதிர்ச்சி வரும்போது எழுத இடம் இருக்காது, பின்னதிர்ச்சிப் பதிவு எத்தனை அருமையானது, போதும்யா வெள்ளைச்சாமி, புரிஞ்சுது என்று திரையைப் பார்த்துச் செல்லமாகச் சொல்லிவிட்டு, எந்த அளவு அசைவுக்குக் கருவி விழிக்க வேண்டும் என்கிற எண்ணை இங்கிருந்தபடியே ஏற்றினார். தட்டினால் விழிக்காது, பூமி ஆடினால்தான் விழிக்கும். ஒரு எண், ஒரு பொத்தான். மணி மூன்று இருபது. பதினாலு பதிவையும் அழித்து இடம் செய்தார், குறிப்பேட்டில் பொய் விழிப்பு பதினாலு, நீக்கப்பட்டது என்று எழுதினார், பிறகு கேன்டீனுக்குப் போய் ஒரு வடை சாப்பிட்டார். வடை நன்றாக இருந்தது, அதுவும் நினைவிருக்கிறது.

மறுநாள் பின்னதிர்ச்சிப் பதிவு வந்து சேர்ந்தது, பெரிய அதிர்ச்சியைச் சுத்தம் செய்கிற மும்முரத்தில் அதை அப்புறம் திறந்துகொள்ளலாம் என்று வைத்தார். நாலாம் நாள்தான் ஆள் போய்ச் சேர்ந்து வெள்ளைச்சாமியின் உடலை எடுத்தார்கள். உடனே போயிருப்பார் என்று யாரோ எழுதிய ஒற்றை வரி நிலையத்துக்கு வந்தது, சற்குணம் அந்த வரியை மிதப்பதற்குக் கிடைத்த கட்டையாகப் பிடித்துக்கொண்டார். உடனே இல்லை என்பது அவருக்குத் தெரியும், பதினாலு சலாம் வைத்தவர் உடனே எப்படிப் போவார், ஆனால் மூன்று இருபதுக்கு அப்புறம், அப்புறம் உடனே போயிருக்கலாம் அல்லவா. மூன்று இருபத்தைந்துக்கு, மூன்றரைக்கு. அப்படி இருந்தால் அவர் பொத்தானை அமுக்கினாலும் ஒன்றுதான், அமுக்காவிட்டாலும் ஒன்றுதான். கருவிக்குக் காது இல்லாத நேரத்தில் யாரும் தட்டினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும், பதிவு இல்லை என்றால் நிகழ்ச்சி இல்லை, இது அவர் தொழிலின் தர்மம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், அவர் அதைப் பூஜ்யத்தில் மறைத்தார். காலையில் பக்கத்து மேஜைப் பையன்கள் எவனோ ஒரு கான்ட்ராக்டரைப் பற்றி, செவிடன் காதுல ஊதின சங்குடா என்று சொல்லிக்கொண்டபோது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார், தாகம் ஒன்றும் இல்லை. வெள்ளைச்சாமியின் மகள் முனீஸ்வரி, அப்போது பதினோரு வயது, இரங்கல் கடிதத்தில் அவர் எழுதியிருந்த எண்ணை வைத்து அந்தத் தேதி வந்தால் கூப்பிடுவாள், இப்போது போர்ட் பிளேரில் பள்ளிக்கூட டீச்சர், அம்மாவைக் கூடவே வைத்திருக்கிறாள். சௌக்கியம் விசாரிப்பாள், மழை உண்டா என்பாள், கடைசியில் ஒரே கேள்வி. “மிஷின்ல அதுக்கப்புறம் வேற ஒண்ணும் விழலையா சார்?” அப்பா பார்த்துக்கொண்ட மிஷின் என்கிற பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். “இல்லம்மா. ஒரே செகண்ட். அப்பாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.” “சரிங்க சார்” என்பாள். வருஷத்துக்கு ஒன்றாக, வராத சலாமுக்குப் பதில் சலாம் போல அந்தச் சரிங்க சார். அந்தப் பெண்ணின் நிம்மதிக்காகச் சொல்கிற பொய் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுப்பார். யாருடைய நிம்மதி என்று கேட்க அவருக்குத் தைரியம் இருந்ததில்லை.

“சார், ஒரு நிமிஷம் வர்றீங்களா? ஆஃப்டர்ஷாக் வால்ல என்னமோ இருக்கு.”

நஸ்ரீன் குரலை உயர்த்தவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது, நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிய கை வழுக்கியது, ஏசியில் வியர்க்குமா, வியர்த்தது. அவள் மேஜைக்குப் பன்னிரண்டு அடி. லாரியாக இருக்கும், ஜெனரேட்டராக இருக்கும், கூரைத் துண்டு விழுந்திருக்கும், கடவுளே ஏதாவது ஒன்று விழுந்திருக்கட்டும். திரையின் ஓரத்தில் தேதி, மறுநாளுடையது, மணி ஐந்து ஐம்பத்திரண்டு. முதலில் பின்னதிர்ச்சி, அகலமாக, கறுப்பாக, நாற்பது வினாடி, பிறகு குறுகிக் குறுகிக் கோடாகிவிட்டது. வெறும் கோடு. ஐம்பத்தொன்றாம் வினாடியில் மூன்று மெல்லிய கோடுகள் எழுந்து நிற்கின்றன. சின்ன இடைவெளி. மூன்று. இடைவெளி. மூன்று. தொண்ணூறாவது வினாடியில் பதிவு முடிகிறது, அந்த இடத்தில் இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவதற்குள் கருவி தூங்கிவிட்டது.

“யாரோ கருவியத் தட்டிப் பாத்திருக்காங்க போல சார். ஒரே மாதிரி வருது பாருங்க” என்றாள் நஸ்ரீன், பென்சில் முனையால் திரையைத் தொட்டு. “ஃபில்டர் போட்டாலே போயிடும். இல்ல நாப்பத்தஞ்சாவது செகண்ட்லயே வெட்டிடவா?”

யாரோ தட்டிப் பார்த்திருக்கிறார்கள், அவரும் இதையேதான் சொன்னார், படித்தவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது போலிருக்கிறது. மூன்று இருபதிலிருந்து ஐந்து ஐம்பத்திரண்டு வரை பதினாலு மணி நேரம் முப்பத்திரண்டு நிமிஷம், கணக்கு தானாகவே போட்டுக்கொண்டது, நிறுத்த முடியவில்லை, மூன்றரைக்கும் போகவில்லை, இரவு போகவில்லை, விடியும் வரை போகவில்லை. அப்புறம் அந்தப் பச்சை விளக்கு. அது இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் நினைவுக்கு வந்ததில்லை, இப்போது வந்தது, எழுதும்போது மட்டும் எரிகிற விளக்கு. மூன்று இருபது வரைக்கும் தட்டினால் பச்சை எரிந்திருக்கும், அந்த இருட்டில் அது ஒன்றுதான் வெளிச்சம், எரிய எரிய அவர் நினைத்திருப்பார், சாருக்குப் போகுது, சாருக்குப் போகுது. பிறகு தட்டினார், எரியவில்லை. மறுபடி தட்டினார், எரியவில்லை. எத்தனை தரம் தட்டி எரியாமல் இருந்ததோ, ரிப்பேர் என்று நினைத்தாரா, பேட்டரி போயிற்று என்று நினைத்தாரா, சார் அணைத்துவிட்டார் என்று மட்டும் நினைத்திருக்க மாட்டார், அந்த மனிதருக்கு அப்படி நினைக்கத் தெரியாது. விடிகாலையில் பூமி ஆடுகிறது, மேலேயிருந்து என்னென்னவோ கொட்டுகிறது, அதற்கு நடுவில் பச்சை எரிகிறது. பயப்பட வேண்டிய நேரத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். ஆட்டம் நிற்கிறவரை பொறுத்து, முழிச்சிருக்கு, இப்ப முழிச்சிருக்கு என்று எழுந்தோ எழ முடியாமலோ கையை மட்டும் நீட்டித் தட்டியிருக்கிறார். தொண்ணூறு வினாடி எரிந்த விளக்கு. வெட்டிடு என்ற சொல் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருந்தது, சுலபமான சொல், நாளொன்றுக்கு நாற்பது தடவை சொல்கிற சொல், சொன்னால் நாலு மணிக்கு ஏழும் தயாராக இருக்கும், பேராசிரியர் காபி குடித்துவிட்டுப் போவார், தேதி வந்தால் முனீஸ்வரி கூப்பிடுவாள், ஒரே செகண்ட் என்று சொல்லலாம், சரிங்க சார் என்பாள், செத்துப்போகும்வரை இப்படியே போகலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

“வெட்டாதே” என்றார்.

“ப்ரொஃபசர் கேட்டா சார்?”

“கணக்குக்கு நாப்பத்தஞ்சு வரைக்கும் எடுத்துக்க. நடுவுல அறுபது பூஜ்யமும் இருக்கட்டும், பில்டிங்குக்கு அது போதும். இந்த ஒரிஜினல் ஃபைலை மட்டும் கை வைக்காம ஒரு காப்பி எடுத்து வை.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்காருங்க சார் என்றாள், அவர் உட்காரவில்லை. “காப்பிக்கு என்ன பேர் போடட்டும்?”

“வெள்ளைச்சாமி.”

“யார் சார் அது?”

“தட்டினவரு” என்றார் சற்குணம். இந்தப் பெயரை இந்த ஆபீஸில் அவர் உரக்கச் சொல்வது இதுதான் முதல் தடவை. வந்து எல்லாம் சொல்றேம்மா என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

லிஃப்டுக்குப் பக்கத்தில் மாடிப்படி இருக்கிறது, போன் பேசுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்பார்கள், அவர் இரண்டு படி இறங்கி நின்றார், தலைக்கு மேல் அடுத்த மாடியின் படிகள் சாய்வாகப் போயின, அதைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்தார். எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள், அவர் கூப்பிட்டதில்லை. மணி அடிக்கும்போது எடுக்காமல் இருக்கட்டும் என்று வேண்டினார், எடுக்காவிட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டோம் என்பதும் தெரியும், அதனால் எடுக்கட்டும் என்றும் வேண்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள், தீவில் சீக்கிரம் இருட்டும். ஐந்தாவது மணியில் எடுத்தாள்.

“சார்? என்ன சார், இன்னிக்கி நாள்கூட இல்லையே.”

“முனீஸ்வரி, மிஷின்ல விழுந்திருக்கும்மா.”

அந்தப் பக்கம் பாத்திரம் துலக்குகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது.

“அப்பா தட்டினது. மூணு மூணா. இன்னிக்குப் பாத்ததில்ல, அன்னிக்கே பாத்தேன். எப்பவும் போல சலாம் வைக்கிறார்னு நெனச்சுட்டேன். வருஷா வருஷம் நீ கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன்.”

அழுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார், அழவில்லை.

“தட்டுனாருன்னு தெரியும் சார்” என்றாள். “எடுத்தப்ப கையில சாவி இருந்துச்சு. அந்தப் பித்தளைச் சாவி. முனையெல்லாம் மழுங்கி, வளஞ்சு போயி. அம்மாதான் ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தாங்க. வீட்டுலதான் வச்சிருக்கோம். மூணு தட்டு தட்டுனா மெட்ராஸ்ல சாருக்குத் தெரியும்னு எந்நேரமும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. அதான் சார் வருஷா வருஷம் கேட்டேன். யாருக்காச்சும் கேட்டுச்சா, இல்ல யாருக்குமே கேக்காம போயிருச்சான்னு.”

“கேட்டுச்சும்மா” என்றார் சற்குணம். “எனக்குக் கேட்டுச்சு.”

“எம்புட்டு நேரம் சார்?”

மறுநாள் காலை ஐந்து ஐம்பத்திரண்டு என்று சொன்னார். மூன்று இருபதைச் சொன்னார். அதற்கு மேல் கேட்காதபடி அந்தக் கருவியின் காதை அடைத்தது தான்தான் என்பதைச் சொன்னார், ஏன் அடைத்தேன் என்று ஆரம்பித்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். நடு வாக்கியத்தில் நின்றது. மேலே கதவைத் திறந்து நஸ்ரீன், சார், ப்ரொஃபசர் வந்துட்டாரு என்றாள். அவர் திரும்பவில்லை. தீவிலிருந்து மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் வந்தது, அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தார், வைக்கட்டும், வைக்க அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு.

“அம்மா இங்கதான் இருக்காங்க” என்றாள் முனீஸ்வரி. குரல் மாறியிருந்தது, டீச்சர் குரல், பத்தொன்பது வருஷமாக அவர் கேட்ட குரல் இல்லை. “எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் நீங்களே சொல்லுங்க. நாஞ் சொல்ல மாட்டேன்.”

போன் கை மாறியது. வளையல் உரசியது. யாரோ மெல்ல உட்கார்ந்தார்கள்.

“ஹலோ” என்றது ஒரு வயதான குரல். “யாரு பேசுறது?”

சற்குணம் படியில் உட்கார்ந்து, முதலில் தன் பெயரைச் சொன்னார்.